செம்மண் தடத்தில் நின்றுபோன டர்ட் பைக்: பற்றவைப்புச் சுற்றை வீட்டிலேயே சோதித்துச் சரிசெய்யும் வழி

கிக்கரை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்த பிறகு பக்கத்தில் நிற்பவர் சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: “சி.டி.ஐ. போயிருக்கும்.” பிளக்கில் பொறி எப்போது அடிக்க வேண்டும் என்று கட்டளையிடும் சி.டி.ஐ., மூடி ஒட்டிய கறுப்புப் பெட்டி. திறந்து பார்க்க முடியாது, வீட்டில் இருக்கும் மீட்டரால் சோதிக்கவும் முடியாது. அதனால் பழியை அதன் தலையில் கட்டுவது எளிது. ஆனால் பற்றவைப்புச் சுற்றில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய உறுப்பு அதுதான். பிளக், பிளக் கேப், இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச், எர்த், வயர்களை இணைக்கும் பச்சை பூத்த கப்ளர் ஆகியவற்றைப் பார்க்காமல் புதிய சி.டி.ஐ. வாங்கக் கிளம்புவது காசைக் கரியாக்கும் வேலை.

செட்டிநாட்டில் ஓடும் வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, கானாடுகாத்தான், திருமயம் என எந்தப் பக்கம் போய்த் தார்ச்சாலையை விட்டு இறங்கினாலும் செம்மண்ணும் சரளையும் சீமைக் கருவேல முள்ளும்தான். கோடையில் வற்றிய கண்மாய்க்குள் ஓட்டும்போது கிளம்பும் நுண்தூசி ஒவ்வொரு கப்ளருக்குள்ளும் புகுந்து தங்கிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் தூசியே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு முனைகளை அரிக்கிறது. இன்னொரு வகை வண்டியும் இங்கே உண்டு. ஆள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். வண்டி மட்டும் பூட்டிய பெரிய வீட்டின் முகப்பில் மாதக்கணக்கில் நிற்கும். கோயில் திருவிழாவுக்கு வந்து எடுத்தால் பேட்டரி செத்திருக்கும், பெட்ரோல் கெட்டிருக்கும், எலி வயரைக் கடித்திருக்கும். எலி கடித்த வயருக்கு எந்தப் பெட்டியை மாற்றி என்ன பயன்?

கிக்கர் உள்ள, கார்புரேட்டர் பொருத்திய வண்டிகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பழைய ஹீரோ இம்பல்ஸ், மண் தடத்துக்கென்று மாற்றி அமைத்த யமஹா ஆர்.எக்ஸ்., தோப்புக்குள் மட்டும் ஓடும் சிறிய மோட்டோகிராஸ் வண்டிகள் இந்த வகை. எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் போன்று கார்புரேட்டர் இல்லாமல் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு என்னென்ன மாறும் என்பதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

எங்கே உட்கார்ந்து வேலை செய்வது

இதில் கொஞ்சம் நிதானம் தேவை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். நம் வீடுகளின் முற்றம் வானம் பார்த்துத் திறந்திருந்தாலும் அதைச் சுற்றியுள்ள தாழ்வாரமான வளவைவிட ஓரடியோ அதற்கு மேலோ பள்ளமாக இருக்கும். மேலே காற்று ஆடுகிறதே என்று அங்கே வண்டியை இறக்கிப் பொறி சோதனை செய்யாதீர்கள். அடுப்பு எரியும் கடைசிக் கட்டும் வேண்டாம். வீட்டின் பின்புறத் திறந்த வெளியோ, காற்று தாராளமாக ஓடும் கொட்டகையோதான் சரியான இடம். பொறி கண்ணுக்குத் தெரிய நிழல் வேண்டும். உச்சி வெயிலில் நல்ல பொறிகூடத் தெரியாது. மாலை மங்கும் நேரம் உத்தமம்.

வளவின் ஓரத்தில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கீழே கெட்டியான அட்டையோ பழைய சாக்கோ விரியுங்கள். ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டால் ஆனது. எண்ணெயைக் குடித்துவிட்டால் கறை போகாது. “ஏனப்பா, உன் வண்டி ஓடுவதற்கு என் தரை கெட வேண்டுமா?” என்று வீட்டு ஆச்சி கேட்டால் பதில் சொல்ல முடியாது.

பிளக்குக்கு வருவது 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம். உடல்நலம் உள்ள ஒருவரை அது தூக்கிப் போடுவதோடு விட்டுவிடலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் இந்த வேலையின் பக்கமே வரக் கூடாது. ரப்பர் கைப்பிடி போட்ட கட்டிங் பிளையர், உலர்ந்த செருப்பு, உலர்ந்த தரை ஆகிய மூன்றும் கட்டாயம்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. பிளக் ஸ்பானர், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், கான்டாக்ட் கிளீனர், பழைய பல் துலக்கி, நுண்ணிய உப்புத்தாள், சைக்கிள் பம்பு. அவற்றோடு உங்கள் வண்டிக்குப் பொருந்தும் புதிய பிளக் ஒன்று. அது செலவல்ல, சோதனைக் கருவி.

கரண்ட் வரும் வழி

பட்டறை மொழியில் ‘கரண்ட் வரவில்லை’ என்றால் பிளக்கில் பொறி இல்லை என்று பொருள். அந்தக் கரண்ட் எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தால்தான் எங்கே தடைபட்டது என்று தேட முடியும்.

கிக்கரை மிதித்தால் ஃபிளைவீல் சுற்றுகிறது. அதன் உள்விளிம்பில் காந்தங்கள். அவை உள்ளே இருக்கும் மேக்னட் காயிலைக் கடந்து ஓடும்போது காயிலில் மின்சாரம் பிறக்கிறது. பேட்டரியின் துணை இல்லாமல் ஓடும் ஏ.சி. வகைச் சி.டி.ஐ.யில், மெல்லிய கம்பியால் நிறையச் சுற்றுகள் சுற்றிய சோர்ஸ் காயில் ஒன்று தனியாக இருக்கும். அது நூற்றுக்கணக்கான வோல்ட் கொடுக்கும். சி.டி.ஐ. அதை வாங்கித் தன் கெப்பாசிட்டரில் சேர்த்து வைக்கிறது. ஃபிளைவீலின் வெளிப்புறத்தில் உள்ள சிறு மேடு பல்சர் காயிலைக் கடக்கும் நொடியில் ஒரு சைகை போகிறது. உடனே கெப்பாசிட்டர் தன்னிடம் இருப்பதை எல்லாம் ஒரேயடியாக எச்.டி. காயிலில் கொட்டுகிறது. எச்.டி. காயில் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாகப் பெருக்கி, தடித்த வயர் வழியாக, கேப் வழியாக, பிளக்குக்கு அனுப்புகிறது. பிளக்கின் இடைவெளியைத் தாண்டிய மின்சாரம் இன்ஜின் உடல் வழியாகத் திரும்பி வர வேண்டும். அந்தத் திரும்பும் வழிதான் எர்த். போகும் வழியைப் பார்ப்பவர்கள் பலர். திரும்பும் வழியைப் பார்ப்பவர்கள் குறைவு.

டி.சி. வகைச் சி.டி.ஐ.யில் சோர்ஸ் காயில் கிடையாது, பேட்டரியே மூலம். இரண்டில் உங்களுடையது எது என்று அறிய ஒரு வழி: சாவியைத் திருப்பிவிட்டு, சி.டி.ஐ. கப்ளரின் ஒவ்வொரு முனைக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரை வையுங்கள். ஏதாவது ஒரு முனையில் 12 வோல்ட் வந்தால் அநேகமாக டி.சி. வகை. அப்படியானால் முதல் சந்தேகம் பேட்டரி மேல். முழுதாக ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் மோட்டார் சுற்றும், பொறி மட்டும் வராது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வண்டிகளில் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்.

முதல் படி: கரண்டா, பெட்ரோலா

சோக்கைப் போட்டு நாலைந்து முறை மிதித்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கேப்பை மட்டும் எடுத்துவிட்டு, பிளக்கைச் சுற்றியுள்ள குழியைப் பாருங்கள். செம்மண்ணும் சரளைப் பொடியும் வட்டமாகப் படிந்து கிடக்கும். இதோடு பிளக்கைத் திருகினால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். பிஸ்டனும் சிலிண்டர் சுவரும் கீறிப்போகும். பல் துலக்கியால் கிளறிவிட்டு, சைக்கிள் பம்பை வைத்து ஊதி எடுங்கள். பிளக் குழியிலிருந்து தண்ணீர் வெளியேறச் சில இன்ஜின்களில் சின்ன வடிகால் துளை ஒன்று இன்ஜின் தலையின் பக்கவாட்டில் இருக்கும். அது சேற்றால் அடைபட்டிருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். மழைக்குப் பிறகு மட்டும் மக்கர் செய்யும் வண்டிகளில் இந்தத் துளைதான் பல நேரம் குற்றவாளி.

கழற்றிய பிளக்கின் நுனி பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, பொறிதான் இல்லை அல்லது பலமாக இல்லை. காய்ந்திருந்தால் முதலில் கார்புரேட்டரைப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பல மாதம் டேங்கில் கிடந்ததை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றாமல் மின்சுற்றைக் குறைசொல்லிப் பயனில்லை.

பிளக்கைப் படித்தல்

நுனியிலுள்ள வெள்ளைப் பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் எல்லாம் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் மிகுதி அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. எண்ணெய்ப் பசையோடு கறுப்பு என்றால், டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் கலவையின் அளவைப் பாருங்கள்; ஃபோர் ஸ்ட்ரோக்கில் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கலாம். சுண்ணாம்பு வெளுப்பு என்றால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பீங்கானில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்தப் பிளக்கைத் தூர எறியுங்கள். கரியைப் பெட்ரோல் ஊற்றித் துலக்கி மீண்டும் போடுவது காட்டில் நிற்கும்போது செய்ய வேண்டியது. வீட்டில் புதியதைப் போட்டுப் பார்ப்பதே முறை.

புதியதை வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். என்.ஜி.கே. பிளக்கில் சி.ஆர்.8.இ. என்று இருந்தால் சி என்பது 10 மி.மீ. மரை, ஆர் என்பது உள்ளே ரெசிஸ்டர் உண்டு என்பதன் அடையாளம், 8 என்பது வெப்ப எண், இ என்பது 19 மி.மீ. மரை நீளம். இந்த நிறுவனத்தின் வரிசையில் எண் கூடக் கூடப் பிளக் குளிர் வகை, அதாவது சூட்டை விரைவாக வெளியேற்றுவது. வேறு சில நிறுவனங்களில் இது தலைகீழ். மரை ஒத்துப்போகிறது என்பதற்காக நீளம் மாறியதைத் திருகினால் பிஸ்டனில் இடிக்கக்கூடும்.

பிளக் நுனியின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 0.6 முதல் 0.8 மி.மீ. வரை. கையேட்டில் உள்ள அளவே இறுதி. மாட்டும்போது முதலில் விரலால் மட்டும் திருகுங்கள். மரை ஏறுவது கையில் தெரியும். வாஷர் உட்கார்ந்த பிறகு புதிய பிளக்குக்கு அரைச் சுற்று போதும். இன்ஜின் தலை அலுமினியம். பலம் காட்டினால் மரை போய்விடும்.

பொறி சோதனை

கழற்றிய பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடல் இன்ஜினின் வர்ணம் பூசாத பகுதியில் அழுந்தத் தொடும்படி பிளையரால் பிடித்துக்கொள்ளுங்கள். பிளக் துளைக்கு அருகில் அல்ல. உள்ளிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சி வரும். துளையை உலர்ந்த துணியால் அடைத்துவிட்டு, எட்ட ஓரிடத்தில் எர்த் பிடியுங்கள். பிறகு மற்றொருவர் கிக்கரை வேகமாக மிதிக்கட்டும்.

நீல வெள்ளையாய், ‘டிக்’ என்ற சத்தத்தோடு பொறி அடித்தால் சுற்று உயிரோடு இருக்கிறது. மஞ்சளாகவோ சிவப்பாகவோ, ஒன்று விட்டு ஒன்று வந்தால் பலம் போதவில்லை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. திறந்த காற்றில் 0.7 மி.மீ. தாண்டுவது பெரிய காரியமில்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறிய கலவையில் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். அதனால் வெளியே பொறி காட்டிவிட்டு உள்ளே கைவிடும் வண்டிகள் உண்டு. இடைவெளியை மாற்றி வைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் கையில் இருந்தால் 6 மி.மீ. வைத்துப் பாருங்கள். அதைத் தாண்டினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

எர்த்தைத் தொடாமல் பிளக்கை அந்தரத்தில் தொங்கவிட்டு மிதிக்க வேண்டாம். போக வழியில்லாத மின்னழுத்தம் எச்.டி. காயிலின் உள்காப்பையோ சி.டி.ஐ.யையோ உடைத்துக்கொண்டு போகும். ஓடும் வண்டியில் கேப்பைப் பிடுங்கி ‘கரண்ட் வருகிறதா’ என்று பார்க்கும் பழக்கம் இதனால்தான் கெட்ட பழக்கம்.

கேப்பும் தடித்த வயரும்

புதிய பிளக்கிலும் பொறி இல்லை. அடுத்து கேப்பை வயரிலிருந்து இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். பெரும்பாலானவற்றில் உள்ளே ஒரு சிறு திருகு முனை வயரின் செப்பு இழைகளுக்குள் ஏறியிருக்கும். அந்த இழைகள் கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் வயரின் நுனியில் 5 மி.மீ. வெட்டிவிட்டுப் பளிச்சென்ற செம்பில் கேப்பை மீண்டும் திருகுங்கள். அரைக் காசு செலவில்லாமல் உயிர் பெறும் வண்டிகள் இந்த இடத்தில்தான் அதிகம். வயர் ஏற்கெனவே குட்டை என்றால் வெட்டுவதற்கு முன் யோசியுங்கள். பல காயில்களில் வயர் உள்ளேயே வார்க்கப்பட்டிருக்கும், தனியாக மாற்ற முடியாது.

கேப்பின் இரு முனைகளுக்கு இடையே மீட்டரை வைத்தால் ரெசிஸ்டர் உள்ள கேப் பெரும்பாலும் 5 கிலோ ஓம் அளவில் காட்டும். எல்லையற்ற தடை காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது. 15, 20 கிலோ ஓம் என்று அலைந்தாலும் மாற்றிவிடுங்கள். இந்தச் சுற்றில் விலை குறைந்த உறுப்புகளில் இதுவும் ஒன்று.

மழை நாளில் மட்டும் வெடித்து வெடித்து ஓடும் வண்டிக்கு ஒரு சோதனை. இருட்டிய பிறகு வண்டியை ஓடவிட்டு, முடி வெட்டும் கடையில் வைத்திருக்கும் தெளிப்பானால் கேப்பின் மேலும் தடித்த வயரின் மேலும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கை தள்ளியே இருக்கட்டும். காப்பு கிழிந்த இடத்தில் ஊதா நிற இழை ஒன்று வயரிலிருந்து வண்டியின் சட்டத்துக்கு (ஃபிரேம்) தாவுவது தெரியும்; அதே கணம் இன்ஜின் இடறும். இன்சுலேஷன் டேப் அதற்கு மருந்தல்ல. வயரையோ கேப்பையோ மாற்றுவதுதான் தீர்வு.

கில் சுவிட்ச்: இரண்டு வகை, இரண்டு சோதனை

ஏ.சி. வகையில் கில் சுவிட்ச், சி.டி.ஐ.யின் ஒரு வயரை எர்த்தோடு சேர்த்துத்தான் இன்ஜினை நிறுத்துகிறது. அந்த வயர் எங்காவது தோல் உரிந்து சட்டத்தைத் தொட்டாலோ, சுவிட்சுக்குள் ஈரம் புகுந்தாலோ, யாரும் அழுத்தாமலே எப்போதும் ‘நிறுத்து’ என்ற கட்டளை போய்க்கொண்டிருக்கும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பல வண்டிகளில் அது கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயர். ஹேண்டில் வளையும் கழுத்துப் பகுதியைத்தான் முதலில் பாருங்கள். திருப்பித் திருப்பி அங்கேதான் தேயும். சி.டி.ஐ. பக்கம் அந்த வயரை மட்டும் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். பொறி வந்தால் குற்றவாளி பிடிபட்டுவிட்டது. சாவிச் சுவிட்சும் இதே வயரில் சேர்ந்திருக்கும் என்பதால் இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒரு எச்சரிக்கை: இந்த நிலையில் வண்டி ஓடத் தொடங்கினால் சுவிட்சால் நிற்காது. பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியரில் கிளட்சை விட்டு நிறுத்த வேண்டியிருக்கும்.

டி.சி. வகையிலும் இன்ஜெக்ஷன் வண்டியிலும் கதை நேர்மாறு. அங்கே கில் சுவிட்ச் மின்சாரம் போகும் வழியையே துண்டிக்கிறது. ஆகவே கழற்றிவிட்டால் வண்டி பிடிக்கவே பிடிக்காது. சுவிட்சை ‘ரன்’ நிலையில் வைத்து இரு வயர்களுக்கிடையே மீட்டரில் தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். சைட் ஸ்டாண்ட் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் ஆகியவையும் இதே வரிசையில் நிற்பவை. சைட் ஸ்டாண்ட் சுவிட்ச் சேற்றுக்கு மிக அருகில் இருப்பதால் முதலில் சாவது அதுதான்.

கப்ளர்களும் எர்த்தும்

உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து ஊருக்குக் கொண்டுவந்த நிறுவனம். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்டது. அரிப்பை ஆராயும் ஊரில் வாழும் நாம் வண்டியின் கப்ளரைத் திறந்து பார்க்கச் சோம்பல்படுவது விந்தைதான்.

டேங்கைக் கழற்றுங்கள். அதன் அடியில், சட்டத்தை ஒட்டித்தான் முக்கியக் கப்ளர்கள் எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றாகப் பூட்டை அழுத்திப் பிரித்துப் பாருங்கள். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். பித்தளை முனையில் பச்சைப் பொடி பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துலக்குங்கள். பெண் முனை விரிந்து தளர்ந்திருந்தால் மெல்லிய முள்ளால் நெருக்கிவிடுங்கள். பிறகு டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லப் பூசி மூடலாம். சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸ் கூடாது. எலி கடித்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது அடுத்த பள்ளத்தில் ஏறி இறங்கும் வரைதான் தாங்கும். சரியான முனையை வயரோடு அழுத்தி நசுக்கி (கிரிம்ப்) இணைத்து, மேலே சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

எச்.டி. காயிலைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட் பல வண்டிகளில் எர்த்தும்கூட. சட்டத்துக்குப் புதிதாக வர்ணம் அடித்த வண்டியில் அந்த இடத்திலும் வர்ணம் ஏறிவிடும்; கரண்ட் திரும்பி வர வழியிருக்காது. உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்து இறுக்குங்கள். பேட்டரி உள்ள வண்டியில் அதன் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே தடை ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும்.

மீட்டர் சொல்வது

அளப்பதற்கு முன் மீட்டரின் இரு முள்களையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3 ஓம் காட்டினால் அது முள்களின் தடை. சிறிய அளவுகளில் அதைக் கழித்தே கணக்கிட வேண்டும். அளக்கும் உறுப்பைக் கப்ளரிலிருந்து பிரித்துவிட வேண்டும்.

சி.டி.ஐ.க்கான எச்.டி. காயிலின் பிரைமரி (சி.டி.ஐ.யிலிருந்து மின்சாரம் வரும் பக்கத்துச் சுற்று) பெரும்பாலும் ஒரு ஓமுக்குள் இருக்கும். கேப்பைக் கழற்றிவிட்டு அளந்தால் செகண்டரி (பிளக் பக்கத்துச் சுற்று) சில ஆயிரம் ஓம். சோர்ஸ் காயில் நூற்றுக்கணக்கான ஓம். பல்சர் காயில் பல வண்டிகளில் 100 முதல் 300 ஓம் வரை. இவை தோராயம்தான், உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணே கணக்கு. எல்லையற்ற தடை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. எர்த்திலிருந்து தனித்திருக்க வேண்டிய காயில் எர்த்தோடு தொடர்ச்சி காட்டினால் காப்பு எரிந்திருக்கிறது. ஆனால் சோர்ஸ், பல்சர் காயில்களில் ஒரு முனை எர்த்திலேயே கட்டப்பட்ட மாடல்களும் உண்டு. வயரிங் படத்தைப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

கையேட்டு அளவுகள் 20 டிகிரி வெப்பத்தில் எடுக்கப்பட்டவை. செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். சித்திரை வெயிலில் 40 டிகிரியில் அளந்தால் 8 சதவீதம் கூடுதலாகத்தான் காட்டும். அதை வைத்துக் காயிலை மாற்றிவிட வேண்டாம்.

தடை சரியாக இருந்தும் பொறி இல்லையா? ஏ.சி. வோல்ட்டில் மீட்டரை வைத்து, கழற்றிய சோர்ஸ் காயிலின் முனைகளில் கிக்கரை மிதித்துப் பாருங்கள். பல பத்து வோல்ட்டாவது துள்ள வேண்டும்; சாதாரண மீட்டர் உச்சத்தைப் பிடிக்காது என்பதால் உண்மையில் இருப்பது அதைவிட அதிகம். முனைகளைக் கையால் தொட்டால் உதறும். பல்சரில் அசைவு மிகச் சிறியது. ஏதாவது அசைகிறதா என்பதே கேள்வி. அசையவே இல்லை என்றால் பல்சரின் முகத்தில் இரும்புத் துகள் படிந்திருக்கிறதா, ஃபிளைவீலுக்கும் அதற்கும் இடையே கையேட்டில் சொன்ன இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

சோர்ஸ் காயில் போயிருந்தால் புதியது வாங்கலாம், அல்லது மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் காயில் சுற்றித் தருபவர்களிடம் கொடுக்கலாம். மோட்டார் காயில் சுற்றுபவர்கள் எல்லாருக்கும் இந்த மெல்லிய கம்பி கைவராது. முன்பு மேக்னட் காயில் சுற்றியிருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சி.டி.ஐ.க்குப் பதிலாக, திறந்து மூடும் முனைகளான பாயிண்ட் உள்ள மிகப் பழைய வண்டி என்றால் வேலை எளிது: முனைகளை மெல்லிய அரத்தால் சமப்படுத்தி, 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இடைவெளி வைத்து, கண்டன்சரை மாற்றிப் பாருங்கள்.

சூடானால் மட்டும் நிற்கும் வண்டி

காலையில் குளிர்ந்த இன்ஜினில் உதைத்தவுடன் பிடிக்கும். அரை மணி ஓடினால் நின்றுவிடும். மர நிழலில் ஆறவிட்டால் மறுபடி பிடிக்கும். காயிலின் உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் சூட்டில் விரிந்து தொடர்பு அறும். ஆறிய பிறகு வீட்டில் அளந்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்; அதனால்தான் இது பலரை அலைக்கழிக்கிறது. நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்கு முன் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் முடி உலர்த்தும் கருவியால் எச்.டி. காயிலையும் பிறகு பல்சரையும் ஒவ்வொன்றாகச் சூடேற்றி மீட்டரைப் பார்த்துக்கொண்டிருங்கள். 100 டிகிரி அளவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தடை கூடுவது இயல்பு. அளவு சட்டென்று எல்லையின்மைக்குத் தாவினால் அந்தக் காயில்தான் ஆள்.

டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் வண்டி இப்படித்தான் நின்று நின்று பிடிக்கும் என்பதால், காயில் வாங்கும் முன் ஒருமுறை மூடியைத் திறந்துவிட்டுப் பாருங்கள்.

பொறி இருக்கிறது, ஆனால் கிக்கர் திருப்பி அடிக்கிறது

கார்புரேட்டர் வழியாகச் சீறுகிறது, கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது என்றால் டைமிங் தவறியிருக்கிறது. கிராங்கிலும் ஃபிளைவீலிலும் சேர்ந்து உட்கார்ந்து இரண்டையும் பிணைக்கும் அரைவட்டச் சாவி ஒன்று உண்டு. ஃபிளைவீல் நட்டு தளர்ந்து ஓடினால் அந்தச் சாவி சீவப்பட்டு, ஃபிளைவீல் சில டிகிரி நகர்ந்துவிடும். ஃபிளைவீலைக் கழற்ற அந்தந்த வண்டிக்குரிய புல்லர் என்னும் இழுவைக் கருவி வேண்டும். சுத்தியலால் தட்டினால் காந்தம் உடையும், கிராங்க் வளையும். புல்லர் இல்லாதவர் இந்த ஒரு வேலைக்குப் பட்டறையை நாடுவதே மேல். புதிய சாவி போடும்போது கூம்பின் இரு முகங்களும் எண்ணெய்ப் பசையின்றி உலர்ந்திருக்க வேண்டும். நட்டைக் கையேடு சொல்லும் இறுக்க அளவில் (டார்க்) இறுக்க வேண்டும்.

இன்ஜெக்ஷன் வண்டி என்றால்

பிளக், கேப், கப்ளர், எர்த் வரை எல்லாம் ஒன்றே. சி.டி.ஐ. இடத்தில் ஈ.சி.யு. என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். சரிந்து விழுந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் பதறாதீர்கள். சாய்வு சென்சார் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கும். வண்டியை நிமிர்த்தி, சாவியை அணைத்து மீண்டும் போட்டால் பல வண்டிகள் பிடித்துவிடும். சாவியைப் போட்டதும் பெட்ரோல் பம்பு ‘ஊங்’ என்று ஓரிரு நொடி ஓடும் சத்தம் கேட்க வேண்டும். அதுவே கேட்கவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, கில் சுவிட்ச் பக்கம் தேடுங்கள். இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் பிழைக் குறியீட்டைப் படித்த பிறகே மேலே போக வேண்டும். ஈ.சி.யு. கப்ளரில் மீட்டர் முள்ளை முரட்டுத்தனமாகக் குத்த வேண்டாம்.

கடைசியாக அந்தக் கறுப்புப் பெட்டி

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் பொறி இல்லை என்றால் இப்போது சி.டி.ஐ.யைச் சந்தேகிக்கலாம். சோதிக்க ஒரே நம்பகமான வழி, அதே மாடல் வண்டியிலிருந்து நன்றாக ஓடும் பெட்டியை வாங்கி மாட்டிப் பார்ப்பது. கப்ளர் பொருந்துகிறது என்பதற்காக வேறு மாடலின் பெட்டியை மாட்டாதீர்கள். முனைகளின் வரிசை மாறியிருந்தால் இரண்டும் போகும். வாங்கும்போது பழைய பெட்டியைக் கையோடு கொண்டுபோய் எண்ணை ஒப்பிடுங்கள். மின்சாமானைத் திரும்ப வாங்கக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சம்மதிக்க மாட்டார்கள், “அண்ணே, மாட்டிப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் எடுத்துக்கொள்வீர்களா?” என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மாட்டும்போது அதன் ரப்பர் உறை கட்டாயம் இருக்கட்டும். அது அதிர்வைத் தாங்குவதற்காக வைத்தது. கழன்று விழுந்த உறையை யாரும் தேடி எடுத்துப் போடுவதில்லை. வாட்டர் சர்வீஸ் விடும்போது பிரஷர் தண்ணீரைப் பெட்டி, எச்.டி. காயில், ஹேண்டில் சுவிட்சுகள் பக்கம் நேராகப் பீய்ச்ச விடாதீர்கள்.

டேங்கை ஏற்றுவதற்கு முன் வயர்கள் ஹேண்டிலை முழுக்க இடமும் வலமும் திருப்பினால் இழுபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். சோதனைக்காகக் கழற்றிய கில் வயரை மீண்டும் இணைத்து, வண்டியை ஓடவிட்டுச் சுவிட்சை அழுத்துங்கள். இன்ஜின் உடனே நிற்க வேண்டும். நிற்காத வண்டியைத் தெருவுக்கு எடுத்துப் போகாதீர்கள்.